குழம்பை விடாமல் எடையைக் குறைக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கு ஆயர் ஈத்தாமில் ஒரு ஃப்ளாட்டில் குடியிருக்கிறேன். 78 கிலோ இருந்தேன். ஒன்றே கால் வருடத்தில் 67-க்கு வந்தேன். இந்த ஒன்றே கால் வருடமும் வீட்டில் கொதித்தது அதே சாம்பார், அதே மீன் குழம்பு, ஞாயிற்றுக்கிழமை அதே நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறுதான். லிஃப்டில் பார்க்கிறவர்கள், கோயில் அன்னதானத்துக்குக் காய் நறுக்க வருகிறவர்கள், தங்கச்சியின் வாட்ஸ்அப் கூட்டம் என்று ஆளாளுக்கு ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, சமைக்கிறவள்.

சாப்பாட்டை மாற்றாமல், சமைக்கிற விதத்தை மட்டும் மாற்றினால் உடம்பு குறையுமா அக்கா?

குறையும். ஏன் என்று புரிய ஓர் எண்ணெய்ப் பாக்கெட் போதும். கடையில் 2 வெள்ளி 50 காசுக்கு (2.50 ரிங்கிட்) விற்கும் ஒரு கிலோ மானிய எண்ணெய் இருக்கிறதே, அது எங்கள் வீட்டில் சரியாக ஒரு வாரம் வரும். நாங்கள் நாலு பேர். ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி, ஆக ஒரு கிலோவில் 9,000. அதை நாலு பேர், ஏழு நாள் என்று 28-ஆல் வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 320 கலோரி வருகிறது. ஏறக்குறைய ஒன்றரைக் கிண்ணம் சோறு! அந்த ஒன்றரைக் கிண்ணத்தை எங்கள் வீட்டில் யாரும் தட்டில் பார்த்ததில்லை, ‘இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்று’ என்று யாரும் கேட்டதுமில்லை. ஊற்றியது என் கை.

பாக்கெட்டைப் பாட்டிலுக்கு மாற்றி, மார்க்கர் பேனாவால் கோடு கிழித்துப் பக்கத்தில் தேதி எழுதினேன். பாட்டிலைச் சாய்த்து ஊற்றுவதை நிறுத்தி, கரண்டியால் அளந்து ஊற்றினேன். வேறொன்றும் செய்யவில்லை. இரண்டு மாதத்தில் அதே ஒரு கிலோ இரண்டு வாரம் வரத் தொடங்கியது. ஆளுக்கு நாளுக்கு 160 கலோரி மிச்சம், மாதத்துக்கு 4,800. ஒரு கிலோ உடம்புக் கொழுப்பு கரைய சுமார் 7,700 கலோரி என்பது பொதுவான கணக்கு. அதன்படி மாதம் அரைக் கிலோவுக்கு மேல் குறைய வேண்டும். உடம்பு கணக்குப்பிள்ளை இல்லை, எடை இறங்க இறங்க வேகமும் இறங்கும். ஆனால் திசை இதுதான்.

நான் பிடித்துக்கொண்ட விதி ஒன்றே ஒன்று. நாக்குக்குத் தெரியாத இடத்தில் குறைக்க வேண்டும். தெரிகிற இடத்தில் கை வைத்தால் மூன்றாவது வாரம் மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) உட்கார்ந்திருப்போம். எனக்கு அது இரண்டு தடவை நடந்திருக்கிறது.

நான் குண்டா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கண்ணாடியைக் கேட்காதீர்கள். எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுங்கள். நம் ஆசிய உடம்புக்கு 23-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும், 27.5-ஐத் தாண்டினால் உடல் பருமன் என்பது மலேசியாவில் டாக்டர்கள் வைத்திருக்கும் அளவு. 160 சென்டிமீட்டர் உயரம் உள்ளவருக்கு அது 59 கிலோ, 70 கிலோ என்று வரும். அப்புறம் இடுப்புச் சுற்றளவு. எல்லை, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90. தையல் டேப் போதும், வயிற்றை உள்ளே இழுக்காமல் அளக்கவும். வெட்கப்பட ஒன்றுமில்லை. 2023-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். லிஃப்டில் நாலு பேர் நின்றால் அதில் இரண்டு பேர் நம் கட்சி.

எண்ணெயைக் குறைத்தால் குழம்பு குழம்பு மாதிரியே இருக்காதே?

குறைக்கிற இடம் தெரியாமல் குறைத்தால் இருக்காதுதான். ஒரு குழம்பில் எண்ணெய்க்கு மூன்று வேலை. வெங்காயம் வதங்க, மசாலாவின் பச்சை வாசம் போக, தாளிப்பின் மணத்தைத் தூக்கிக்கொண்டு வர. இதில் முதல் வேலைக்கு நிறைய எண்ணெய் வேண்டாம். சட்டியைச் சூடாக்கி ஒரு தேக்கரண்டி எண்ணெயில் வெங்காயத்தைப் போட்டு, உப்பைத் தூவி மூடி வையுங்கள். உப்பு வெங்காயத்தின் தண்ணீரை இழுத்துவிடும், அந்தத் தண்ணீரிலேயே வெங்காயம் குழையும். அடியில் பிடித்தால் இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்துச் சுரண்டுங்கள். அந்தச் சுரண்டலில்தான் நிறமும் ருசியும் இருக்கின்றன.

மசாலாவுக்கு எண்ணெய் வேண்டும், ஆனால் அது சட்டியிலேயே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ‘எண்ணெய் பிரிந்து வரும்வரை வதக்கவும்’ என்று சொல்கிறோமே, பிரிந்து வந்த எண்ணெயை அப்புறம் என்ன செய்கிறோம்? திரும்பவும் கிளறி உள்ளேயே விட்டுவிடுகிறோம். நான் குவாலியை (வாணலி) சாய்த்து அடுப்பு விளிம்பில் முட்டுக்கொடுத்துவிடுவேன். இரண்டு நிமிடத்தில் சிவப்பெண்ணெய் ஓர் ஓரமாக வந்து தேங்கும். அதைக் கரண்டியால் எடுத்துச் சின்னக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைப்பேன். மிளகாயும் மசாலாவும் ஊறிய எண்ணெய். மறுநாள் கங்கோங் கீரை வதக்க அதில் ஒரு தேக்கரண்டி போட்டால் போதும், தனிச் சம்பால் (வதக்கிய மிளகாய் விழுது) போட்ட மாதிரி இருக்கும்.

மூன்றாவது, தாளிப்பு. இதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆனால் முதலில் தாளிக்காமல் கடைசியில் தாளித்துக் கொட்டுங்கள். கடுகு, வெந்தயம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, ஒன்றரைத் தேக்கரண்டி நல்லெண்ணெய். எண்ணெய் மேலே மிதக்கும், வாசம் மூக்குக்கு முதலில் வரும், முழுச் சட்டியும் எண்ணெயில் செய்தது போல் நாக்கு ஏமாந்துபோகும். என் மாமியார் இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.

ஓர் எச்சரிக்கை. எண்ணெய் குறைந்ததும் கை தானாக உப்புப் பக்கம் போகும். போக விடாதீர்கள். புளியைக் கூட்டுங்கள், எலுமிச்சை பிழியுங்கள், மிளகைத் தட்டிப் போடுங்கள்.

தேங்காய்ப்பால்?

பெட்டியில் வரும் கெட்டிச் சந்தான் (தேங்காய்ப்பால்) 200 மில்லி, சுமார் 400 கலோரி. பிராண்டுக்குப் பிராண்டு மாறும், பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். முழுப் பெட்டியை உடைத்தால் ‘மிச்சம் வைத்தால் கெட்டுப்போகும்’ என்று முழுசையும் ஊற்றிவிடுவோம், அதுதான் பிரச்சினை. இப்போது பெட்டியை உடைத்த கையோடு பாதியை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துவிடுகிறேன். ஒரு குழம்புக்கு மூன்று கட்டி, அடுப்பை அணைப்பதற்குச் சற்று முன்னால். முதலிலேயே ஊற்றிக் கொதிக்கவிட்டால் வாசம் ஆவியாகப் போய்விடும், கொழுப்பு மட்டும் தங்கும்.

கெட்டிக்கு வேறு வழி இருக்கிறது. மீன் குழம்புக்கு வேக வைத்து மசித்த தக்காளியும் வெங்காயமும், குருமாவுக்கு இரண்டு கரண்டி பொட்டுக்கடலை. சட்னியில் பாதித் தேங்காய்க்குப் பதில் வதக்கிய பீர்க்கங்காய். சொதி மட்டும் விதிவிலக்கு. சொதியில் தேங்காய்ப்பாலைக் குறைத்தால் அது சொதி இல்லை. வாரம் ஒரு தடவை முழு மனதோடு வையுங்கள்.

நாசி லெமாக் வீட்டில் எப்படிச் செய்கிறீர்கள்?

இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். அந்தச் சோற்றின் மணத்தில் பெரும்பங்கு பாண்டான் இலையுடையது, சந்தானுடையது இல்லை. இரண்டு குவளை அரிசிக்கு மூன்று பாண்டான் இலை முடிச்சு, ஒரு துண்டு இஞ்சி, தட்டிய செராய் (எலுமிச்சைப்புல்) ஒரு தண்டு, உப்பு, வழக்கமான தண்ணீர். தண்ணீர் வற்றி அரிசி வெந்துகொண்டிருக்கும்போது மூடியைத் திறந்து 70 மில்லி கெட்டிச் சந்தானை மேலே ஊற்றி, ஒரு முறை புரட்டி மூடிவிடுங்கள். முன்பு முழுப் பெட்டியை ஊற்றிக்கொண்டிருந்தேன். வித்தியாசம் சொல்ல முடியாது என்று மார்தட்ட மாட்டேன், கொஞ்சம் தெரியும். சம்பால் வந்ததும் மறந்துபோகும்.

சம்பாலுக்கு ஊறிய காய்ந்த மிளகாய், வெங்காயம், ஒரு துண்டு பெலாச்சான் (இறால் விழுது). அரைத்த விழுதை முதலில் எண்ணெய் இல்லாமலே குவாலியில் போட்டுத் தண்ணீர் சுண்டும்வரை கிளறுங்கள். பிறகு மூன்று மேசைக்கரண்டி எண்ணெய். ஈர விழுதில் எண்ணெய் ஊற்றினால் வதங்க நேரமாகும், பொறுமை போய் மேலும் ஊற்றுவோம். சர்க்கரைக்குப் பதில் நீளமாக நறுக்கிய பெரிய வெங்காயம் இரண்டு, மெதுவாக வதங்கினால் அதுவே இனிக்கும். கடைசியில் புளித்தண்ணீர். முன்னே சொன்ன மாதிரி சாய்த்து எண்ணெயை எடுத்துவிடுங்கள்.

நெத்திலியைக் கழுவி, துடைத்து, வெறும் சட்டியில் சின்னத் தீயில் வறுத்தால் பொரித்ததைப் போலவே மொறுமொறுக்கும். கச்சானையும் (வேர்க்கடலை) அப்படியே. ஆனால் கச்சானை எண்ணிப் போடுங்கள், 30 கிராம் கைப்பிடியில் 170 கலோரி. முட்டையைப் பொரிக்காமல் அவிக்கலாம். வெள்ளரிக்காயை மட்டும் கடைக்காரர் போல் மூன்று சில்லு வைக்காமல், பாதிக் காய் வையுங்கள்.

ஆட்டிறைச்சி?

முதல் நாள் இரவே இஞ்சி, மஞ்சள், உப்பு போட்டுக் குக்கரில் வேக வைத்து, ஆறியதும் அப்படியே ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் திறந்தால் மேலே மெழுகு உறைந்த மாதிரி வெள்ளைத் தகடு ஒன்று இருக்கும். கத்தியால் ஓரத்தைக் கிளப்பினால் ஒரே துண்டாக வரும். ஒரு தடவை ஆர்வக்கோளாறில் தராசில் போட்டுப் பார்த்தேன், 70 கிராம். 600 கலோரிக்கு மேல். சிங்க்கில் போடாதீர்கள், குழாய் அடைக்கும். செய்தித்தாளில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். கோழிக்கு இந்த வேலையெல்லாம் இல்லை, தோலை எடுத்தால் போதும். நெஞ்சுக்கறியை வாங்கி அது வறண்டுபோய் அதற்காக எண்ணெய் ஊற்றுவதைவிட, தோல் நீக்கிய தொடைக்கறி நல்லது.

சோற்றை விட்டுவிட வேண்டுமா? பிரவுன் ரைஸ்?

விட முடிந்தவர்கள் விடட்டும், என்னால் முடியாது. சுகாதார அமைச்சு ‘சுக்கு சுக்கு செபாரோ’ (கால், கால், பாதி) என்று சொல்வது நம் தட்டுக்குப் பொருந்துகிறது. கால் தட்டு சோறு, கால் தட்டு மீன், கோழி, பருப்பு, முட்டை, பாதித் தட்டு காயும் பழமும். நம் வீட்டுத் தட்டில் இது தலைகீழ். சோறு மலை, அதன் அடிவாரத்தில் பொரியல் ஒரு கரண்டி. நான் செய்தது, பொரியலை முதலில் பரிமாறிவிட்டு மிச்ச இடத்தில் சோறு போடுவது. வரிசை மாறினால் அளவு தானாக மாறும்.

பிரவுன் ரைஸில் நார்ச்சத்து அதிகம், வயிறு நேரம் தாங்கும். கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை. பாஸ்மதி சர்க்கரையைச் சற்று மெதுவாக ஏற்றும், அதுவும் கலோரியில் அரிசிதான். சோற்றை ஆற வைத்துச் சாப்பிட்டால் குறையும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது சின்ன விஷயம், அதற்காகச் சோற்றை மேசையில் பகல் முழுக்கக் கிடத்தி வைக்காதீர்கள். நம் வெயிலில் வயிறு கெட்டுவிடும்.

தே தாரிக் (இழுத்து ஆற்றும் பால் தேநீர்) குடிக்கலாமா?

ஒரு மேசைக்கரண்டி இனிப்புக் கெட்டிப்பாலில் 65 கலோரி, ஏறக்குறைய மூன்று தேக்கரண்டி சர்க்கரை. கடைக்காரர் ஒரு கரண்டியோடு நிறுத்துவதில்லை. வீட்டில் தேத்தூளை இஞ்சியோடு நன்றாகக் கொதிக்கவிட்டு, கொழுப்புக் குறைத்த பால், ஒரு தேக்கரண்டி சர்க்கரை போட்டு, இரண்டு குவளையில் ஏழெட்டு முறை இழுத்து ஆற்றுங்கள். நுரைதான் நாக்குக்குக் கெட்டியாகத் தெரிகிறது. கடையில் என்றால் ‘குராங் மானிஸ்’ (இனிப்புக் குறைவாக) என்று சொல்லுங்கள். ஒரேயடியாகக் ‘கோசொங்’ (சர்க்கரையே இல்லாமல்) கேட்டால் கசக்கும், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கால் கரண்டி கால் கரண்டியாகச் சர்க்கரையை இறக்குங்கள்.

ரொட்டி சானாயை (மலேசியப் பரோட்டா) ஆரோக்கியமாகச் செய்ய முடியுமா?

முடியாது. கோதுமை மாவில், எண்ணெய் இல்லாமல், ஓட்ஸ் கலந்து என்றெல்லாம் செய்து பார்த்தேன். வந்தது சப்பாத்தி. சப்பாத்தி நல்லதுதான், ஆனால் மனசு ரொட்டி சானாயைத் தேடிக்கொண்டே இருந்தது. இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கடைக்குப் போய் நிஜமான ஒன்றைச் சாப்பிடுகிறேன், பருப்புக் குழம்போடு. ஒன்றுதான்.

வடை? ஏர் ஃபிரையர் வாங்கலாமா?

மசால் வடைக்கு, கட்லட்டுக்கு, மசாலா தடவிய கெம்போங் (கானாங்கெளுத்தி) மீனுக்கு நன்றாக இருக்கும், மேலே எண்ணெயைத் தூரிகையால் தொட்டுத் தடவினால். உளுந்து வடைக்குச் சரிவராது, தோல் காய்ந்து உள்ளே மாவு ஒட்டும். உளுந்து மாவைக் குழிப்பணியாரச் சட்டியில் குழிக்கு நாலு சொட்டு எண்ணெய் விட்டுச் சுடுங்கள். ஓட்டை இருக்காது. ஓட்டையையா சாப்பிடுகிறோம்?

புரட்டாசி மாதம் முழுக்கச் சைவம், எடை ஏறிவிட்டது. ஏன்?

கறியும் மீனும் போன இடத்தில் என்ன வந்தது என்று பாருங்கள். அப்பளம், பொரித்த உருளைக்கிழங்கு, பொரித்த சைவ இறைச்சி, கூடுதலாக ஒரு கரண்டி சோறு. புரதம் போய் எண்ணெயும் மாவும் வந்திருக்கும். தௌஹு (சோயா பனீர்), தெம்பே (புளிக்க வைத்த சோயா), கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, மோர் இவற்றைச் சேருங்கள். 100 கிராம் தெம்பேயில் 19 கிராம் வரை புரதம் இருக்கிறது, விலையும் குறைவு. மெல்லிசாக வெட்டி, சாம்பார்ப் பொடியும் புளியும் தடவித் தோசைக்கல்லில் சுட்டால் கருவாட்டுக்கு ஏங்குகிற நாக்கு கொஞ்சம் அடங்கும். விரதத்தன்று ஒருவேளை சாப்பிடுவதாகச் சொல்லி மூன்று வேளைக்கானதை ஒரே இலையில் முடிப்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

நாசி கண்டார் கடைக்குப் போனால்?

பினாங்கில் இருந்துகொண்டு போகாதீர்கள் என்று சொன்னால் யார் கேட்பார்கள்? அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் காவடியாகத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக விற்ற சோறு அது, அதற்கு ஒரு மரியாதை உண்டு. சோறு பாதி. வெண்டைக்காய், முட்டைக்கோஸ் நிறைய. பொரித்த கோழிக்குப் பதில் குழம்பு மீன். முக்கியமானது குழம்பு. ‘பஞ்சிர்’ என்று நாலு குழம்பை வெள்ளமாக ஊற்றச் சொல்லாமல் ஒரே குழம்பு, அதுவும் தனிக் கிண்ணத்தில். எண்ணெய் மிதப்பது கிண்ணத்தில் தெரியும், சோற்றில் ஊறினால் தெரியாது.

வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை, பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள்.

ஏன் சொன்னீர்கள்? சொல்லாமல் செய்யுங்கள். ஒரு வாரத்தில் ஒரு மாற்றம் மட்டும். என் வீட்டுக்காரரிடம் ஆறு மாதம் கழித்துத்தான் சொன்னேன், அவருக்கே நாலு கிலோ இறங்கி, கால்சட்டை தளர்ந்த பிறகு.

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இதெல்லாம் செய்யலாமா?

எண்ணெய் குறைப்பதில் சிக்கல் இல்லை. சோற்றையும் சர்க்கரையையும் திடீரென்று குறைப்பதற்கு முன்னால் கிளினிக்கில் கேளுங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிக்லாசைட் மாதிரி மாத்திரை எடுப்பவர்களுக்கும் மருந்து அதே அளவில் இருந்து சாப்பாடு குறைந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு வந்தால் உடனே இனிப்பாக ஏதாவது குடிக்க வேண்டும். எங்கள் பிளாக்கில் ஓர் அம்மா சோற்றை நிறுத்திய நாலாம் நாள் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். எடை குறையத் தொடங்கினால் மருந்தின் அளவையும் டாக்டர் மாற்ற வேண்டியிருக்கலாம். உடம்பெடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் நல்ல மாற்றம் தெரியும் என்பதால் அந்தப் பேச்சை அவரிடம் தொடங்கிவிடுவது நல்லது.

முதலில் குறைந்தது, இப்போது மூன்று வாரமாக நகரவே இல்லை.

முதல் வாரத்தில் இறங்கியதில் பாதி தண்ணீர். வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினாலே நல்ல வேகம். நகராமல் நின்றால் எண்ணெய்ப் பாட்டிலின் கோட்டைப் போய்ப் பாருங்கள். நான் ஐந்தாம் மாதம் நின்றேன், பார்த்தால் கரண்டியை விட்டுவிட்டுத் திரும்பவும் சாய்த்து ஊற்றிக்கொண்டிருந்தேன். இன்னொரு திருடன், பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைப்பது. வீணாகப் போகிறதே என்று வாயில் போட்டுக்கொள்வோம்.

நடக்க வேண்டாமா?

நடக்கலாம், நல்லது. தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளை வாரம் ஒரு முறை ஏறுகிறேன். ஆனால் இறங்கி வந்து ஒரு செண்டோல் (தேங்காய்ப்பாலும் வெல்லப்பாகும் ஊற்றிய ஐஸ்) குடித்தால் கணக்கு நேராகிவிடும்.

தீபாவளிக்கு என்ன செய்வீர்கள்?

முறுக்கு சுடுவேன், எண்ணெயில்தான். இரண்டு டின்னுக்குப் பதில் ஒரு டின். நெய்யுருண்டை அத்தை வீட்டிலிருந்து வரும், அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவேன். அடுத்த நாள் பாட்டிலில் புதுக்கோடு.